பழைய திரீ நாட் திரீ: முத்திரை படித்து விலை மதிப்பது எப்படி

இந்தியாவிலும் இலங்கையிலும் போலீஸ்காரர் தோளில் பல்லாண்டு தொங்கிய மரக்கட்டைத் துப்பாக்கிதான் திரீ நாட் திரீ. அதன் உண்மையான பெயர் லீ-என்ஃபீல்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட்டும் (தோட்டா அறையை மூடித் திறக்கும் தண்டு) மேகசினும் (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி), லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசு ஆலை வகுத்த பேரல் புரியும் (குழலின் உட்சுவரில் சுழன்று ஓடும் பள்ளங்கள்) சேர்ந்து 1895-இல் இது பிறந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, கனடா, அமெரிக்கா என்று பல நாட்டு ஆலைகளில் செய்தார்கள். அதனால் இன்று ஏலத்துக்கு வரும் இரண்டு துப்பாக்கிகள் தூரத்தில் ஒன்றுபோல இருந்தாலும், விலை பத்து மடங்கு வேறுபடலாம். அந்த வேறுபாடு முழுவதும் இரும்பிலும் மரத்திலும் அடித்த சின்னச்சின்ன முத்திரைகளில் இருக்கிறது. எல்லா உறுப்பும் ஒரே கதையைச் சொன்னால் விலை ஏறும். ஓர் உறுப்பு வேறு கதை சொன்னால் இறங்கும்.

திரீ நாட் திரீ என்ற பெயர் .303 அங்குலம் என்ற தோட்டா அளவிலிருந்து வந்தது. இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட ரகம். தனியார் சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழங்காலத் துப்பாக்கிகளுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பழுது பார்த்தும் சுட முடியாத நிலையில் இருப்பதற்கே அது பொருந்தும். இயங்கும் லீ-என்ஃபீல்டு எவ்வளவு பழையதானாலும் அந்த விலக்குக்குள் வராது. ஆகவே இவை சட்டப்படி கைமாறும் சந்தை பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில்தான். கீழே சொல்லும் மதிப்பீடும் அந்தச் சந்தைக்குரியது.

கையில் எடுத்தவுடன்

யார் கொடுத்தாலும், "காலி" என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், முதலில் சோதியுங்கள். வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, விரலை ட்ரிகரிலிருந்து விலக்கி வையுங்கள். ட்ரிகர் வளையத்துக்குள், ட்ரிகருக்கு முன்னால் ஒரு சிறு தாழ் இருக்கும். அதை அழுத்தினால் மேகசின் கழன்று கையில் வரும். போல்ட் ஓடும் இரும்புக் கூடான ரிசீவரின் இடப்பக்கத்தில் உள்ள சேஃப்டி பின்னால் சாய்ந்திருந்தால் போல்ட் பூட்டியிருக்கிறது என்று பொருள். அதை முன்னால் தள்ளி, போல்ட்டை உயர்த்திப் பின்னால் இழுங்கள். தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, சிறு விரலாலும் தொட்டுப் பாருங்கள். உள்ளே தோட்டா சிக்கியிருந்தால் நெம்பி எடுக்க முயலாமல் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் விடுங்கள்.

எந்த ரகம்?

முத்திரை தேடுவதற்கு முன் உருவத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பேரலின் நுனி வரை மரம் மூடி, முகப்பு மொண்ணையாக, இரும்பு மூடியின் கீழே பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் குமிழோடு இருந்தால் அது குட்டை லீ-என்ஃபீல்டு. சேகரிப்பவர்கள் எஸ்.எம்.எல்.இ. என்பார்கள். 1926-க்குப் பிறகு இதற்கே நம்பர் 1 என்று பெயர் மாற்றினார்கள். பேரல் 25.2 அங்குலம், அதாவது 640 மில்லிமீட்டர். பின் குறி (குறிபார்க்க உதவும் பின்பக்க உறுப்பு) பேரலின் மேல், கண்ணிலிருந்து தள்ளி இருக்கும்.

மரத்துக்கு வெளியே ஏறக்குறைய மூன்று அங்குலம் பேரல் நீட்டிக்கொண்டு, பின் குறி ரிசீவரின் பின்முனையில் துளை வடிவில் இருந்தால் அது நம்பர் 4, இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. பேரல் நுனியில் கூம்பு வடிவத் தீப்பொறி மறைப்பானும், தோளில் பதியும் மரப் பகுதியான பட்டின் முனையில் ரப்பர் மெத்தையும், குட்டை மரமும் இருந்தால் நம்பர் 5. 1944 முதல் 1947 வரை செய்த இதை "ஜங்கிள் கார்பைன்" என்று சொல்வார்கள். இவை எல்லாவற்றுக்கும் மூத்தது 30.2 அங்குலப் பேரல் கொண்ட நெட்டை லீ. அதில் விக்டோரியா காலத்துத் துப்பாக்கிகளும் உண்டு.

நம்பர் 5-ஐ வாங்கும்போது ஒரு கணம் நில்லுங்கள். போருக்குப் பிறகு அமெரிக்க வியாபாரிகள் சிலர் நம்பர் 4-ஐயும் நம்பர் 1-ஐயும் வெட்டிக் குறைத்து, மறைப்பானைப் பொருத்தி ஜங்கிள் கார்பைன் என்று விற்றார்கள். அசலில் எடை குறைப்பதற்காக ரிசீவரிலும், மரத்துக்குள் மறைந்திருக்கும் பேரலின் அடிப்பகுதியிலும் ஆலையே இரும்பைச் செதுக்கி எடுத்திருக்கும். போல்ட் கைப்பிடியின் உருண்டையில் குழி இருக்கும். பின் குறியின் அளவு 800 கெஜத்தோடு முடியும், நம்பர் 4-இல் அது 1300 கெஜம் வரை போகும். பேரலில் அந்தச் செதுக்கல் இல்லையென்றால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை, அது மாற்றி வெட்டியதுதான்.

பட் சாக்கெட்: துப்பாக்கியின் பிறப்புச் சான்று

எஸ்.எம்.எல்.இ.-யில் போல்ட் கைப்பிடி இறங்கும் இடத்துக்குக் கீழே, பட் என்ற மரப் பகுதியைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம்தான் பட் சாக்கெட். அதன் வலப்பக்கத்தை மென்மையான துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து மேலிருந்து கீழே படியுங்கள்.

மேலே கிரீடம். அதன் கீழே மன்னரின் முதலெழுத்துகள். வி.ஆர். என்றால் விக்டோரியா, 1901-க்கு முன். இ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டு, 1910 வரை. ஜி.ஆர். என்றால் அதற்குப் பிறகு வந்த ஜார்ஜ் மன்னர்கள். இந்தியாவில் செய்ததில் ஜி.ஆர்.ஐ. என்று மூன்றெழுத்து இருக்கும். கடைசி எழுத்து பேரரசரைக் குறிக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அசோகர் சிங்கத் தூண் வந்தது, அதனுடன் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும்.

அடுத்தது ஆலையின் பெயர். என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ. (பர்மிங்ஹாம்), எல்.எஸ்.ஏ. (லண்டன்), ஸ்பார்க்புரூக், லித்கோ (ஆஸ்திரேலியா), இஷாப்பூர் ஆகியவை முக்கியமானவை. எஸ்.எஸ்.ஏ., என்.ஆர்.எஃப். என்று கண்டால் கவனம் கொடுங்கள். முதல் உலகப்போரில் பல சிறு பட்டறைகளில் உறுப்புகளைச் செய்வித்துத் திரட்டும் திட்டத்தில் வந்தவை அவை. எண்ணிக்கை குறைவு என்பதால் சேகரிப்பவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். என்ஃபீல்டும் பி.எஸ்.ஏ.-வும் 1916 முதல் 1918 வரை செய்தவைதான் சந்தையில் அதிகம்.

அதன் கீழே ஆண்டு, கடைசியாக மார்க் எண், அதாவது வடிவத்தின் வரிசை எண். ரோமன் எழுத்தில் மூன்று கோடு மட்டும் இருந்தால் மார்க் 3, 1907-இல் ஏற்கப்பட்ட முழு வடிவம். கோடுகளை அடுத்து நட்சத்திரம் இருந்தால் போர் அவசரத்தில் எளிமையாக்கியது. அந்த எளிமையாக்கலில் மூன்று உறுப்புகளை நீக்கினார்கள்: மேகசினை மறைக்கும் தகடு, முன்கட்டையின் (பேரலைத் தாங்கும் முன்பக்க மரத்தின்) இடப்பக்கத்தில் வட்டத் தட்டோடு இருந்த நெடுந்தொலைவுக் குறி, பின் குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகு. இந்த மூன்றும் அசலாக உள்ள, போருக்கு முந்தைய மார்க் 3-க்கு எப்போதும் கிராக்கி உண்டு. அதனாலேயே இந்த உறுப்புகளைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். புது உறுப்பில் இரும்பின் நிறம் சுற்றியுள்ள இரும்போடு ஒட்டாது, ஆய்வாளர் முத்திரையும் இருக்காது, அடியில் உள்ள மரத்தில் நூறாண்டு அழுத்தத்தின் தடமும் தெரியாது.

நம்பர் 4-இல் இந்த விவரங்கள் பெரும்பாலும் சாக்கெட்டின் இடப்பக்கத்திலும் ரிசீவரின் இடச் சுவரிலும் இருக்கும். எம் 47 சி என்பது பி.எஸ்.ஏ.-வின் ஷெர்லி ஆலைக்கான போர்க்காலக் குறியீடு. ஃபாசக்கர்லி, மால்ட்பி ஆகியவை பிரிட்டனின் மற்ற இரு ஆலைகள். லாங் பிராஞ்ச் கனடாவில் இருந்தது. சாவேஜ் அமெரிக்காவில் செய்தது, அவற்றில் "யு.எஸ். பிராப்பர்ட்டி" என்ற சொல் இருக்கும்.

அம்புக்குறி எந்த நாட்டுச் சொத்து என்று சொல்லும். அம்பு மட்டும் என்றால் பிரிட்டன். சி எழுத்துக்குள் அம்பு கனடா, ஐ எழுத்தோடு அம்பு இந்தியா, டி (D) எழுத்தோடு அம்பு ஆஸ்திரேலியா. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டி நின்றால், இராணுவம் அதைச் சேவையிலிருந்து விற்றுவிட்டது என்று பொருள்.

எண்கள் ஒத்துப்போகின்றனவா

எஸ்.எம்.எல்.இ.-யில் ஒரே எண் பல இடங்களில் இருக்க வேண்டும்: ரிசீவரின் முன்வளையத்தில் வலப்பக்கம், அதை ஒட்டிய பேரல், போல்ட் கைப்பிடியின் அடிப்பகுதி, பின் குறித் தகட்டின் கீழ்ப்புறம், முகப்பு மூடி, முன்கட்டையின் நுனிக்குக் கீழே. நம்பர் 4-இல் இவ்வளவு இருக்காது. சாக்கெட், போல்ட், முன்கட்டை ஆகியவற்றைப் பாருங்கள்.

இவற்றுள் போல்ட் முக்கியம். ஆலையில் ஒவ்வொரு போல்ட்டையும் அதற்குரிய ரிசீவரில் பூட்டுப் பற்கள் சீராகப் பதியும்படி இழைத்திருப்பார்கள். கிடங்கில் சுத்தம் செய்யும்போது போல்ட்டுகளை ஒரே பெட்டியில் போட்டுக் கலந்துவிட்டால் அந்தப் பொருத்தம் போய்விடும். விலையும் இறங்கும், சுடுவதும் ஆபத்தாகும். போல்ட் எண்ணைச் சுற்றி இரும்பு சற்றுப் பள்ளமாகவோ மினுமினுப்பாகவோ இருந்தால் பழைய எண்ணை அரத்தால் தேய்த்துப் புதிது அடித்திருக்கிறார்கள். இராணுவப் பட்டறைகளும் இதைச் செய்ததுண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் பழைய எண்ணின் மேல் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் அடிப்பார்கள், மறைக்கப் பார்க்க மாட்டார்கள். மறைக்க முயன்ற தடம் விற்பவரின் கைவேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பேரலில் தனியாக ஓர் ஆண்டு இருக்கும், கடைசி இரண்டு இலக்கம் மட்டும். ரிசீவர் 1917 என்றும் பேரல் 42 என்றும் இருந்தால் பேரல் மாற்றியது. அது குறை ஆகாது, சேவையின் தடம். எஃப்.டி.ஆர். (FTR) என்ற எழுத்துகள் இருந்தால் ஆலைக்கே திரும்பிப் போய் முழுப் பழுது பார்த்து வந்தது. சுட விரும்புபவருக்கு அது நல்ல துப்பாக்கி, சேகரிப்பவருக்கு இரண்டாம் தரம்.

விலையைக் குலைக்கும் எழுத்துகள்

டி.பி. (DP) என்று கண்டால் அது கவாத்துப் பயிற்சிக்கு ஒதுக்கியது. சுடத் தகாது என்று ஆயுதப் பட்டறையே தீர்ப்பு எழுதியிருக்கிறது. இ.ஒய். என்றால் தேய்ந்து பலம் குறைந்தது, அவசரத்துக்கு மட்டும். முன்கட்டையைச் சுற்றிக் கம்பி சுற்றி ஈயம் பற்றவைத்திருந்தால் கையெறி குண்டு வீசப் பயன்படுத்தியது. இந்தியாவில் வேலை பார்த்த துப்பாக்கிகளில் இது அடிக்கடி காணப்படும். வினோதப் பொருளாக வாங்குபவர்கள் உண்டு, ஆனால் அதில் சாதாரணத் தோட்டா போட்டுச் சுடக் கூடாது.

"இங்கிலாந்து" என்ற சொல்லும், பேரலில் "18.5 டன்" என்ற அழுத்த அளவும் இருந்தால், சேவைக்குப் பிறகு தனியார் விற்பனைக்காகச் சோதித்த முத்திரைகள் அவை. அமெரிக்காவில் 1968-க்குப் பிறகு இறங்கியவற்றில் இறக்குமதியாளர் பெயரும் இருக்கும். கண்ணில் படும் இடத்தில் பெரிதாக அடித்திருந்தால் விலை குறையும்.

இஷாப்பூர்

நமக்கு நெருக்கமானது என்பதால் மட்டுமல்ல, அதிகம் குழம்புவதும் இங்கேதான் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்கு வங்கத்தில் ஹூக்ளிக் கரையில் உள்ள இந்த ஆலை மார்க் 3-ஐச் செய்தது, சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. முன்கட்டையின் குறுக்கே ஓடும் பலப்படுத்தும் திருகு இங்கே வேலை பார்த்த துப்பாக்கிகளின் பழகிய அடையாளம். மரம் வெப்பத்தில் வெடிக்காமல் இருக்கச் சேர்த்தது. வெளிநாட்டு வியாபாரிகள் அதைப் பழுது என்று நினைத்து அடைத்துவிட்டால் கெட்டது துப்பாக்கிதான்.

1962 சீனப் போரை ஒட்டி இஷாப்பூர் 2ஏ, பின் 2ஏ1 என்ற ரகங்கள் வந்தன. உருவம் அதே மார்க் 3. ஆனால் தோட்டா 7.62 நேட்டோ. மேகசின் கோணலின்றிப் பெட்டிபோல் சதுரமாக இருக்கும். 2ஏ1-இன் பின் குறி 800 மீட்டரோடு நிற்கும். இதைப் பழைய .303-ஐக் குடைந்து மாற்றியது என்று பலர் சொல்கிறார்கள். தவறு. இன்னும் வலிய எஃகில் புதிதாகச் செய்தது. பழமையால் அல்ல, தோட்டா எளிதில் கிடைப்பதால்தான் இதை வாங்குகிறார்கள்.

மூன்றாவது, .410 மஸ்கட். போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் என்று எஸ்.எம்.எல்.இ.-யின் உட்புரியை நீக்கி, ஒற்றைத் தோட்டா போடும் துப்பாக்கியாக இஷாப்பூர் மாற்றியது. பேரலுக்குள் பார்த்தால் வழவழப்பாக இருக்கும், மேகசின் இருந்த இடத்தை மரக்கட்டை அடைத்திருக்கும். .303 தோட்டாவை இதில் போட்டுச் சுடக் கூடாது.

கைபர் கணவாய்ப் போலிகள்

இன்றைய பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பகுதிப் பட்டறைகளில் லீ-என்ஃபீல்டைக் கையாலேயே நகல் எடுத்தார்கள். கைவேலை வியக்க வைக்கும். எழுத்து மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலம் படிக்காத கைவினைஞர் முத்திரையை ஓவியமாகப் பார்த்துச் செதுக்கியதால், ஆங்கில N எழுத்து இடவலம் மாறித் திரும்பியிருக்கும், என்ஃபீல்டு என்பதில் ஓர் எழுத்து விட்டுப் போயிருக்கும், கிரீடம் சாய்ந்திருக்கும். விக்டோரியாவின் வி.ஆர். எழுத்தும் 1919 என்ற ஆண்டும் ஒன்றாக நிற்கும், அவர் இறந்தது 1901-இல் என்பது செதுக்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அசலில் எண்கள் ஒரே ஆழத்தில் இருக்கும், இதில் ஒவ்வொன்றும் ஒரு சாய்வு.

இதில் எஃகின் தரம் எப்படி என்று வெளியிலிருந்து அறிய வழி இல்லை. சுவரில் மாட்டலாம், தோட்டா போடக் கூடாது.

பேரலும் தலையிடமும்

போல்ட்டைக் கழற்றி, பின்னாலிருந்து வெளிச்சத்தைப் பாருங்கள். என்ஃபீல்டு உட்புரி ஐந்து பள்ளம், இடப்பக்கமாகச் சுழலும். போர்க்காலத்து நம்பர் 4 சிலவற்றில் இரண்டு பள்ளம் மட்டுமே இருக்கும், அது தேய்மானம் அல்ல, வடிவமைப்பு. கறுப்பாகத் தெரிந்தால் உடனே ஒதுக்க வேண்டாம், பழைய எண்ணெயாகவும் இருக்கலாம். சுத்தம் செய்த பிறகும் அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தால் அது அரிப்பு. பழைய தோட்டாவின் பற்றவைப்பான் எரிந்தபின் உப்பை விட்டுச் செல்லும், அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். அதனால்தான் சிப்பாய்கள் பேரலில் வெந்நீர் ஊற்றினார்கள்.

பேரல் நீளத்தை அளக்க, போல்ட்டை மூடி, வாய் வழியே ஒரு மரக்கோலை அது போல்ட்டில் இடிக்கும் வரை விடுங்கள். வாய் மட்டத்தில் பென்சிலால் குறித்து வெளியே எடுத்து அளந்து பாருங்கள். எஸ்.எம்.எல்.இ. 640 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வேட்டைக்காக வெட்டியது. முன்கட்டை மட்டும் வெட்டியிருந்தால் வேறு மரம் தேடிப் பொருத்தலாம். பேரலையே வெட்டியிருந்தால் சேகரிப்பு மதிப்பு போனதுதான், உறுப்புகளின் விலை மட்டுமே.

சுட எண்ணமிருந்தால் தலையிட இடைவெளியை (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா அறைக்கும் நடுவே தோட்டாவின் விளிம்புக்கு உள்ள இடத்தை) அளவியால் சோதிக்க வேண்டும். 0.064 அங்குல அளவியில் போல்ட் மூட வேண்டும், 0.074 அளவியில் மூடக் கூடாது. நம்பர் 4-இல் போல்ட்டின் தலை தனியாகத் திருகப்பட்டது, 0 முதல் 3 வரை எண் இருக்கும். எண் கூடக் கூடத் தலை நீளம். ஏற்கெனவே 3 போட்டும் இடைவெளி அதிகம் என்றால் ரிசீவர் தேய்ந்துவிட்டது. சாவேஜும் லாங் பிராஞ்சும் செய்த நட்சத்திர மார்க்கில் இன்னொரு பலவீனம் உண்டு. போல்ட்டைக் கழற்ற ரிசீவர் தண்டவாளத்தில் ஒரு வெட்டு வைத்தார்கள். அந்த வெட்டின் விளிம்பு உடைந்தால் போல்ட் தலை பாதை விட்டுத் துள்ளும். விரலால் தடவிப் பாருங்கள்.

மரத்தைத் தொடுமுன்

எஸ்.எம்.எல்.இ.-யின் பட் பகுதியை முதலில் கழற்றாதீர்கள். பட் பகுதிக்குள் ஓடும் நீண்ட திருகாணியின் சதுர முனை முன்கட்டையில் உள்ள தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டை இருக்கும்போதே அதைத் திருகினால் தகடு சுழன்று மரத்தின் பின்பகுதியைப் பிளந்துவிடும். நூறாண்டு தாங்கிய எத்தனையோ முன்கட்டைகள் ஆர்வமுள்ள ஒருவரின் ஸ்குரூடிரைவரால் போயிருக்கின்றன. முகப்பு மூடி, வளையங்கள், ட்ரிகர் வளையம், முன்கட்டை எல்லாம் கழன்ற பிறகுதான் பட்.

மரம் பிரிட்டனில் வால்நட், பின்னர் பீச். லித்கோவில் கோச்வுட்டும் உண்டு. ஒரு துப்பாக்கியில் இரண்டு மரம் கலந்திருந்தால் பழுது பார்த்தது. பட்டின் வலப்பக்கத்தில் பித்தளை வட்டம் இருந்தால் அதில் படைப்பிரிவின் பெயரும் எண்ணும் இருக்கலாம். அது அசல் என்றால் விலை கணிசமாக ஏறும், தனியாகவும் விற்கிறார்கள், ஆகவே திருகின் பள்ளத்தில் புதுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உப்புத்தாள் போடவே கூடாது. மரத்தில் அடித்த ஆய்வு முத்திரைகள் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை, ஒரு மாலை வேலையில் மறைந்துவிடும். வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்தபின் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைச் சில துளி கையாலேயே தேய்த்தால் போதும். இரும்புக்குப் புதுக் கறுப்பு பூசாதீர்கள். பளபளக்கும் லீ-என்ஃபீல்டைச் சேகரிப்பவர் சந்தேகத்தோடுதான் எடுப்பார்.

விலை

கடைக்காரர் கேட்கும் விலையை நம்பாமல், ஏலத்தில் விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். அதே மார்க், அதே ஆலை, நெருங்கிய ஆண்டு, கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் குறைந்தது ஐந்து விற்பனை கிடைத்தால் நடு விலை தெரியும். சுத்தியல் விலை (ஏலத்தில் தட்டி முடித்த விலை) மேல் ஏலக் கம்பெனியின் கமிஷனும் சேரும், அது சேர்ந்ததா சேராததா என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அந்த நடு விலையிலிருந்து முதலில் எண் பொருத்தம், பிறகு மரத்தின் நிலை, பிறகு பேரல், கடைசியில் வெளி நிறம் என்ற வரிசையில் கூட்டிக் கழியுங்கள். உச்சியில் நிற்பது நம்பர் 4 டி (T) ஸ்னைப்பர். லண்டன் துப்பாக்கி நிறுவனமான ஹாலண்டு அண்டு ஹாலண்டு மாற்றியதில் பட்டின் அடியில் எஸ் 51 என்றும், சாக்கெட்டில் டி.ஆர். (TR) என்றும், மரத்தில் அதற்குரிய தொலைநோக்கியின் எண்ணும் இருக்கும். தொலைநோக்கியின் எண்ணும் மரத்தின் எண்ணும் ஒன்றானால் அது இரட்டிப்புச் செல்வம். போலி அதிகம் என்பதால் எழுத்து மூலம் உறுதி தராத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். "தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது" என்ற கதைக்கு ஆவணம் இல்லாமல் ஒரு பைசாகூடக் கூட்ட வேண்டாம்.

பயனெட்டைத் தனியாக மதிப்பிடுங்கள். 1907 மாதிரியின் கத்தி 17 அங்குலம். 1913-இல் கைவிட்ட கொக்கி வடிவக் காப்பு இன்னும் ஒட்டியிருந்தால் அரிது. கொக்கியைப் பிறகு பற்றவைத்த போலிகளும் உண்டு, இணைப்பில் வேறு நிறக் கோடு தெரியும்.

அமெரிக்காவில் 1898 முடிவுக்குள் செய்த துப்பாக்கியைச் சட்டம் பழம்பொருளாகக் கருதுகிறது. அந்த எல்லைக்குள் நெட்டை லீக்களின் தொடக்க ஆண்டுகளும் அதற்கு மூத்த லீ-மெட்ஃபோர்டும் மட்டுமே வரும், அதனால் சாக்கெட்டில் 1898 என்று இருப்பதற்கும் 1899 என்று இருப்பதற்கும் அங்கே விலை வித்தியாசம் உண்டு. பிரிட்டனில் .303-க்கு உரிமச் சான்று வேண்டும். செயலிழக்கச் செய்ததை வாங்கினால் சோதனைக் கூடத்தின் சான்றிதழ் எந்த ஆண்டுத் தரத்தின்படி என்று பாருங்கள். பழைய தரத்தில் செயலிழக்கச் செய்தவற்றை மறுவிற்பனை செய்வதற்கு அங்கே கட்டுப்பாடு இருக்கிறது.

விற்க நினைத்தால் படங்களை இந்த வரிசையில் எடுங்கள்: இரு பக்கமும் முழு நீளம், சாக்கெட், ரிசீவர் எண், போல்ட் எண், முகப்பு மூடி, பின் குறியின் அடிப்புறம், மரத்து முத்திரைகள், ட்ரிகருக்குப் பின்னால் மரத்தில் உள்ள வெடிப்புகள். குறையைப் படத்தில் காட்டினால் விலை கொஞ்சம் குறையலாம், ஆனால் துப்பாக்கி திரும்பி வராது.